‘தொலைந்த பறவை’ நினைவுக் கூட்டம்: எதைச் சொல்வது, எதை விடுவது?

சிப்புட்_வாசகி

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் பிப்ரவரி 14 மாலை ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா இனத்தில் பிறந்து வெள்ளைக்காரர் வீட்டில் வளர்ந்த ஜிந்த்கலா நூனி 1920இல் அதே தேதியில்தான் இறந்தார். பெயருக்குத் ‘தொலைந்த பறவை’ என்று பொருள். கோயில் மண்டபம் கிடைத்திருக்கிறது. ஐம்பது அறுபது பேர் வருவார்கள். பாதிப் பேர் ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்த பெரியவர்கள், மீதி இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள். பேச்சுக்கு 40 நிமிடம். சுவரில் ஒட்ட ஏ3 தாளில் எட்டுப் பலகை. முடிந்ததும் சாப்பிட ஏதாவது.

முதல் பலகைக்கு எழுதியிருப்பது இது:

“1890இல் நடந்த வூண்டட் நீ போரில் பெற்றோரை இழந்த செவ்விந்தியக் கைக்குழந்தையை ஜெனரல் கோல்பி காப்பாற்றினார். அனாதையான அவளுக்குப் புதுக் குடும்பம் கிடைத்தது. ஆனாலும் ஃபாஸ்டர் வீட்டில் அவள் மகிழ்ச்சியாக இல்லை.”

இதில் தப்பு என்ன? ‘ஃபாஸ்டர்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? பெயரை எப்படி உச்சரிப்பது? இறகு கட்டி, புகை போட்டு அவர்கள் முறைப்படி ஒரு சடங்கு செய்யலாம் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? நம் தோட்டத்துக் கதையோடு எந்த இடத்தில் இணைப்பது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பால்மரத்தான்

அக்கா, மூன்றே வரிப் பத்தி, ஆனால் ஐந்து இடத்தில் கை வைக்க வேண்டும்.

முதலில் ‘போர்’. அதை எடுத்துவிட்டுப் ‘படுகொலை’ என்று போடுங்கள். 1890 டிசம்பர் 29 காலை, சவுத் டகோட்டாவில் பைன் ரிட்ஜ் ரிசர்வேஷன் (பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலம்), வூண்டட் நீ ஓடைக்கரை. ஸ்பாட்டட் எல்க் என்ற தலைவரின் கூட்டம், சுமார் 350 பேர், முதல் நாளே பட்டாளத்திடம் அகப்பட்டு முகாமில் இருந்தது. (பட்டாளத்தார் அவருக்கு வைத்த பெயர் ‘பிக் ஃபுட்’. அன்று அவர் நிமோனியாவில் படுத்த படுக்கை.) கூட்டத்தில் பெரும்பகுதி பெண்களும் பிள்ளைகளும். ஏழாம் குதிரைப்படை ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருக்கும்போது ஒரு துப்பாக்கி வெடித்தது. அதோடு சுற்றி நின்றவர்கள் சுட ஆரம்பித்தார்கள். மேட்டில் நிறுத்தியிருந்த நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகள் கூடாரங்கள்மேல் குண்டு பொழிந்தன. செத்தவர்கள் 250க்கு மேல். 300 வரை சொல்லும் கணக்கும் உண்டு. ஓடைப் பள்ளத்தில் ஓடியவர்களையும் துரத்திச் சுட்டார்கள். பிறகு பனிப்புயல். புயல் ஓய்ந்தபின் 146 உடல்களை மேட்டில் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். சுட்ட சிப்பாய்களில் சுமார் 20 பேருக்கு நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பதக்கச் செய்தி ஒன்றே போதும், ‘போர்’ என்ற சொல் யாருக்கு வசதி என்று தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது ‘காப்பாற்றினார்’. குழந்தையை எடுத்தது கோல்பி இல்லை. நான்காம் நாள், பனியில் உறைந்து கிடந்த ஒரு பெண்ணின் உடலுக்கு அடியில் உயிரோடு கிடந்ததைத் தேடப் போனவர்கள் கண்டெடுத்தார்கள். அந்தப் பெண்ணே தாய் என்று கொள்கிறார்கள். குழந்தையின் தலையில் மணிவேலை செய்த தோல் தொப்பி. மணியில் கோத்திருந்த உருவம் அமெரிக்கக் கொடி. (இந்தத் தொப்பிக்குத் தனிப் பலகை கொடுங்கள். வேறு விளக்கம் எதுவும் எழுத வேண்டாம்.) அதன்பின் குழந்தை லகோட்டாப் பெண்களின் கையில்தான் இருந்தது. ‘தொலைந்த பறவை’ என்ற பெயரும் அங்கே வந்ததுதான். நெப்ராஸ்கா தேசியக் காவற்படையின் ஜெனரல் லியோனார்ட் கோல்பி அந்தக் கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டு போனார். படுகொலையின் நினைவுப்பொருளாக ஒரு குழந்தை. ‘கொண்டுபோனார்’ என்று எழுதினால் போதும், பொய்யும் இல்லை, வசையும் இல்லை.

மூன்றாவது, வளர்த்தவரைக் காணோம். வளர்த்தது அவர் மனைவி கிளாரா பெவிக் கோல்பி. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர், 1883இல் ‘வுமன்ஸ் டிரிப்யூன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். அந்தச் சமயம் வாஷிங்டனில் இருந்த அவரைக் கேட்காமலேயே கணவர் குழந்தையை எடுத்திருந்தார். பிறகு கோல்பி வேறு பெண்ணோடு போய்விட்டார், 1906இல் விவாகரத்து. கையில் காசில்லாமல், பத்திரிகையையும் கூட்டங்களையும் விடாமல், கிளாராதான் பெண்ணைப் பார்த்தார். அவரை வில்லியாக்க வேண்டாம், தேவதையாக்கவும் வேண்டாம். பாசம் இருந்தது. லகோட்டா மொழி தெரிந்த ஓர் ஆள் அந்த வீட்டில் இல்லை.

நான்காவது ‘ஃபாஸ்டர்’. இவர் ஃபாஸ்டர் பிள்ளை இல்லை, 1891இல் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர். சட்டம் தெரிந்தவர்கள் கீழே விளக்குவார்கள்.

ஐந்தாவதுதான் எனக்குப் பெரிய குறை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் பனியில் கிடந்த குழந்தையோடு நின்றுவிடுகிறார்கள். அவர் 29 வயதுவரை வாழ்ந்த மனுஷி. பள்ளி மாறி மாறிப் படித்தார், உறைவிடப் பள்ளியிலும் இருந்தார். திருமணம், நோய், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது, வைல்ட் வெஸ்ட் காட்சிகளில் ‘இந்தியப் பெண்’ வேஷம் போட்டுப் பிழைப்பு. சொந்தம் தேடி சவுத் டகோட்டாவுக்கும் போனார். யார் வீட்டுப் பெண் என்று உறுதியாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. 1916இல் கிளாரா இறந்தார். 1920இல் கலிஃபோர்னியாவின் ஹான்ஃபோர்டில் இன்ஃபுளுவன்சா இவரைக் கொண்டுபோனது, புதைத்ததும் அங்கேதான். 1991இல் லகோட்டா மக்கள் தோண்டி எடுத்து, வூண்டட் நீ மேட்டில் அந்தப் பொதுக்குழிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

40 நிமிடத்தில் குழந்தைக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இன்னொன்று, குழந்தைப் பருவம் தாண்டியதும் ‘அவள்’ போய் ‘அவர்’ வர வேண்டும். எந்தப் பலகையில் மாற்றுகிறீர்களோ அங்கே கூட்டமே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

---

முறைசொல்லி

‘அனாதை’, ‘புதுக் குடும்பம்’ என்ற இரண்டையும் பால்மரத்தான் விட்டுவிட்டார். நான் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் தமிழில் இந்த வாழ்க்கையைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நமக்கு வசதி அதிகம்.

லகோட்டாவில் அம்மா ‘இனா’. அம்மாவின் அக்காள் தங்கையும் ‘இனா’தான். அப்பா ‘அதே’, அப்பாவின் அண்ணன் தம்பியும் ‘அதே’. ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பி வேறு சொல், ‘லெக்ஷி’. அப்பாவின் அக்காள் தங்கையும் வேறு, ‘துன்வின்’. இப்போது நம் வீட்டைப் பாருங்கள். பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா: எல்லாவற்றிலும் அம்மாவும் அப்பாவும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாமாவும் அத்தையும் தனி. பெரியப்பா பிள்ளை அண்ணன், மாமா பிள்ளை மச்சான். அங்கேயும் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. உடன்பிறப்பில் மூத்தது, இளையது என்று தனித்தனிச் சொல் இருப்பதும் நம்மைப் போலத்தான். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’, ‘கசின்’ என்று மூன்றே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிட்டார்கள்.

இது நாம் ஆசைக்குச் சொல்லும் ஒற்றுமை இல்லை. அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் உலகெங்கும் உறவுமுறைப் பட்டியல் சேகரித்தபோது, நியூயார்க் பகுதி செனகா மக்களின் முறையும் தமிழர் முறையும் இப்படிப் பொருந்துவதைப் பார்த்து அசந்துபோனார். 1871இல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட அவர் நூலில் தமிழ் உறவுச்சொற்கள் வரிசையாக இருக்கின்றன. லகோட்டா முறையும் அதே வகை. இதைச் சொல்லும்போது இரண்டு இடத்தில் சறுக்கல் வரும். ‘அப்படியென்றால் அவர்கள் தமிழர்களா?’ என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். இல்லை. ஒரே மாதிரி உறவு ஒழுங்கு தொடர்பில்லாத இடங்களிலும் தனித்தனியாக உருவாகும். அடுத்து, மாமன் மகளைக் கட்டும் நம் வழக்கம் அங்கே கிடையாது. சொல் பிரிகிறது, கல்யாணம் தொடரவில்லை.

கூட்டுக் குடும்பக் குழுவுக்குத் ‘தியோஷ்பயே’ என்று பெயர். இரத்த உறவில்லாதவரைச் சடங்கு செய்து உறவாக்கிக்கொள்வது ‘ஹுன்கா’. அப்படி வந்தவருக்கும் பெற்ற பிள்ளைக்குள்ள கடமை அத்தனையும் உண்டு. அதனால் ‘தத்து என்பதையே அறியாதவர்கள்’ என்று எழுதிவிடாதீர்கள், அறிந்தவர்கள்தான். அவர்கள் தத்து உறவைக் கூட்டும். கோல்பி வீட்டுத் தத்து இருந்த உறவை அறுத்தது.

பலகையில் இதைக் காட்ட ஒரு வழி. ஏ3 தாளை நீள வாக்கில் வைத்து நடுவில் ஒரு வட்டம், உள்ளே அவர் பெயர். சுற்றிலும் பன்னிரண்டு வட்டம்: அம்மா, பெரியம்மா, சின்னம்மா, அம்மாச்சி, மாமா, அத்தை, பெரியப்பா, அக்காள், அண்ணன் என்று நம் முறைப்பெயர்கள் மட்டும். ஆள் பெயர் எழுதும் இடம் காலி. அவருக்கு அதில் ஒரு பெயர்கூட நிச்சயமாகத் தெரியாது. பக்கத்தில் இன்னொரு தாளில் கோல்பி வீடு: இரண்டே வட்டம், பிறகு ஒன்று. ‘அனாதை’ என்ற சொல்லை எங்கேயும் எழுத வேண்டியிருக்காது. எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது, மண்டபத்து விளக்கில் பெரியவர்களுக்குத் தெரியாது.

---

கேஸ்கட்டு

ஃபாஸ்டர் விவகாரம். நம் ஊரில் ‘எடுத்து வளர்த்த பிள்ளை’ என்று எல்லாவற்றையும் ஒரே வாயில் சொல்கிறோம், அங்கேதான் குழப்பமே.

ஃபாஸ்டர் என்பது தற்காலிகம். பிள்ளை அரசின் அல்லது நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும், வளர்க்கும் வீட்டுக்குப் படி கொடுப்பார்கள், பெற்றவரின் உரிமை அறுவதில்லை. திருப்பி அனுப்பலாம், வேறு வீட்டுக்கும் மாற்றலாம். பல பிள்ளைகள் ஐந்து, ஆறு வீடு மாறுவது இதனால்தான். தத்தெடுப்பில் பெற்றவரின் சட்ட உரிமை முடிந்துபோகும், புதுப் பெற்றோரே பெற்றோர். தமிழில் ‘தற்காலிக வளர்ப்பு வீடு’, ‘தத்தெடுப்பு’ என்று பிரித்து எழுதுங்கள். ‘வளர்ப்பு மகள்’ என்ற சொல் இரண்டுக்கும் பாயும், தவிர்த்துவிடுங்கள்.

மலேசியக் காதுக்குப் புரியவைக்க: பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை சமூகநலத் துறை எடுத்து வேறொருவர் பொறுப்பில் விடுவது 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 611. தத்துக்கு இரண்டு வழி. சட்டம் 257 நீதிமன்றம் வழியாக, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. குறைந்தது மூன்று மாதம் பிள்ளை உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். சட்டம் 253 பதிவிலாகா வழியாக. இரண்டு ஆண்டு பராமரித்திருக்க வேண்டும், சொத்துரிமை தானாக வராது. இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். நீட்டினால் கூட்டம் முழுக்கப் பிறப்புப் பத்திரச் சந்தேகமாகக் கேட்க ஆரம்பித்துவிடும், லகோட்டா காணாமல் போய்விடும்.

இனி ஜிந்த்கலா கதை ஃபாஸ்டர் கதையோடு சேரும் இடம். 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் ஆரம்பித்த உறைவிடப் பள்ளி முறை, தலைமுடி வெட்டி, பெயர் மாற்றி, மொழி தடுத்துப் பிள்ளைகளைப் பிரித்தது. அந்தப் பள்ளிகளில் குறைந்தது 973 பிள்ளைகள் இறந்ததாக அமெரிக்க உள்துறையின் 2024 அறிக்கை சொல்கிறது. பள்ளிகள் தேய்ந்தபோது அந்த வேலையை நலத்துறை எடுத்துக்கொண்டது. 1958இலிருந்து 1967வரை மத்திய அரசு ஆதரவோடு நடந்த ஒரு தத்துத் திட்டம் 395 பூர்வகுடிப் பிள்ளைகளைத் தொலைதூர, பெரும்பாலும் வெள்ளைக் குடும்பங்களில் வைத்தது. 1970களில் மொத்தக் கணக்கு இன்னும் மோசம்: பூர்வகுடிப் பிள்ளைகளில் 25 முதல் 35 விழுக்காடு வீட்டை விட்டுப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். வறுமையும் நெருக்கடியான வீடும் ‘புறக்கணிப்பு’ என்று கோப்பில் ஏறின. பாட்டி வீட்டில் பிள்ளை இருந்தால் ‘பெற்றோர் கைவிட்டனர்’ என்று எழுதினார்கள். முறைசொல்லி வரைந்த வட்டத்தைப் பார்த்தால் அந்தக் குறிப்பு எவ்வளவு அபத்தம் என்று தெரியும். பெரியம்மா வீட்டில் வளர்கிற பிள்ளை அம்மாவிடம்தான் வளர்கிறது.

இதைத் தடுக்க வந்ததுதான் 1978ஆம் ஆண்டு பூர்வகுடிக் குழந்தை நலச் சட்டம். அதன் வேலை எளிமையாக: மாநில அரசு பிள்ளையை எடுத்தால் அந்தப் பிள்ளையின் இனக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும். குழு வழக்கில் தலையிடலாம், தன் நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்கலாம். குடும்பம் உடையாமல் இருக்க மெய்யாகவே முயன்றோம் என்று காட்ட வேண்டும், ஒரு துண்டறிக்கையைக் கையில் கொடுத்தது முயற்சி ஆகாது. தத்து கொடுப்பதென்றால் முதலில் சொந்தம், பிறகு அதே இனக்குழு, பிறகு வேறு பூர்வகுடிக் குடும்பம். பெற்றவரின் உரிமையை அறுக்க, கொலை வழக்கில் கேட்கும் அளவு நிரூபணம் வேண்டும். பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் தாய் கொடுக்கும் சம்மதம் செல்லாது. தத்துப் போனவர் 18 வயதுக்குப்பின், தத்து ஆணை தந்த நீதிமன்றத்தில் மனுப்போட்டுத் தன் பெற்றோரின் இனக்குழு விவரத்தைக் கேட்கலாம். ஜிந்த்கலா உயிரோடு இருந்து கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஏடு இருந்திருக்காது.

இந்தச் சட்டம் செல்லாது என்று போட்ட வழக்கை 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தள்ளிவிட்டது. சட்டம் வந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் முடிக்காதீர்கள். சவுத் டகோட்டாவில் பிள்ளையை எடுத்த 48 மணி நேரத்தில் நடக்க வேண்டிய விசாரணை சில நிமிடத்தில் முடிகிறது, பெற்றவர்களைப் பேசவே விடுவதில்லை என்று லகோட்டா இனக்குழுக்கள் 2013இல் வழக்குப் போட்டன. 2015இல் மாவட்ட நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2018இல் மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை, மாநில விசாரணையில் மத்திய நீதிமன்றம் தலையிட்டிருக்கக் கூடாது என்ற காரணத்தால்.

தோட்டத்து இணைப்பு பற்றிக் கேட்டீர்கள். ஆயாக் கொட்டகையை இதோடு ஒப்பிடும் ஆசை வரும், வேண்டாம். அம்மா பால்மரம் வெட்டப் போனபோது பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொண்ட இடம் அது, மத்தியானம் அம்மா வந்து தூக்கிக்கொள்வார். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறியதும் பெரிய இழப்புத்தான், ஆனால் குடும்பம் சேர்ந்து வெளியேறியது. உங்கள் ஊரில் ஒப்பிட வேண்டுமானால் சுங்கை பிளஸ் ஆற்றுக்கு மேலே இருக்கிற பூர்வகுடிகளான தெமியார் மக்களைச் சொல்லுங்கள். நிலமும் மொழியும் முதலில் யாருடையது என்ற கேள்வி அங்கேதான் பொருந்தும். அது நமக்குக் கொஞ்சம் சங்கடமான கேள்வி என்பது வேறு விஷயம்.

---

ஒற்றெழுத்து

பெயர்: ஜிந்த்-க-லா நூ-னி. அழுத்தம் ‘க’விலும் ‘நூ’விலும். ‘ந்’ முழுசாக ஒலிக்காது, மூக்கில் லேசாக. ‘க’ வல்லினமாகவே வர வேண்டும், ‘ஜிந்தகலா’ என்று இடையில் அகரம் சேர்த்தால் ‘ஹ’ போலக் குழைந்துவிடும். ஆகவே புள்ளி வைத்த ‘த்’ முக்கியம். ஜிந்த்கலா என்றால் பறவை, நூனி என்றால் வழி தவறியது, காணாமல் போனது. கிளாரா கூப்பிட்டது ‘ஜிந்த்கா’ என்று.

இனத்தின் பெயர் லகோட்டா, அழுத்தம் ‘கோ’வில். ‘சியோக்ஸ்’ என்று எழுதினால் தப்பு, அந்த ஆங்கிலச் சொல்லின் ஒலி ‘சூ’. அதுவும் மற்றவர்கள் வைத்த பெயர், சட்டப் பெயர்களில் மட்டும் ஒட்டியிருக்கிறது. ‘செவ்விந்தியர்’ வேண்டாம். தோல் நிறத்தை வைத்த பெயர் என்பது ஒன்று. இந்த நாட்டு பாரங்களில் ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் டிக் போடுகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு என்ன நினைக்கும் என்பது இன்னொன்று. ‘லகோட்டா’ என்றே எழுதுங்கள், பொதுவாகச் சொல்ல ‘அமெரிக்கப் பூர்வகுடிகள்’.

படம் தேடும்போது கவனம். இணையத்தில் ‘ஜிட்கலா ஷா’ என்ற இன்னொருவர் படம் அள்ளிக்கொண்டு வரும். அவர் எழுத்தாளர், யாங்க்டன் டகோட்டா, 1876இல் பிறந்து 1938இல் இறந்தவர். வயலினோடு இருக்கும் அழகான ஸ்டுடியோ படம் அவருடையது. பலபேர் அதை ‘தொலைந்த பறவை’ என்று போட்டுவிடுகிறார்கள். ஜெனரல் சீருடையில் குழந்தையை ஏந்தி நிற்கும் படம் உண்மையானது, ஆனால் அதை முதல் பலகையில் வைத்தால் கூட்டத்தின் நாயகர் அவராகிவிடுவார். சின்னதாக, மூன்றாம் பலகையில். உறைந்த உடல்களும் பொதுக்குழியும் இருக்கும் படங்களை வைக்கவே வேண்டாம், அவை அன்று வியாபாரத்துக்காக எடுத்து விற்ற படங்கள்.

---

பெரியசட்டி

சடங்கு வேண்டாம்மா. புகைக்குழல், புகை, பாட்டு எல்லாம் அதற்கு உரியவர்கள் செய்வது. அந்த இறகுத் தலைப்பாகை சம்பாதித்து அணிவது, காகிதத்தில் வெட்டிப் பிள்ளைகளுக்கு மாட்டக் கூடாது. நம் வழக்கப்படி படம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, ஒரு நிமிடம் எழுந்து நின்றால் போதும்.

சாப்பாட்டில் மட்டும் இரண்டு வழக்கமும் தானாகச் சேர்கிறது. லகோட்டா வீடுகளில் இறந்தவருக்கென்று ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து முதலில் வெளியே வைப்பார்கள். நாம் காக்கைக்கு வைக்கிறோமே, அதுபோல. ஓராண்டு நினைவு நாளில் இழப்பு வீட்டார்தான் வந்தவர்களுக்குப் போர்வை, பாத்திரம், நட்சத்திரம் தைத்த மெத்தைவிரிப்பு எல்லாம் கொடுப்பார்கள். மொய் எழுதுவதற்கு நேர் எதிர்.

‘வஸ்னா’ என்பது காய்ந்த இறைச்சியும் கொழுப்பும் இடித்தது. கோயில் மண்டபத்தில் பேச்சே எடுக்க முடியாது. ‘வோஜபி’ செய்யுங்கள், பழக்கூழ். அங்கே காட்டுச் செர்ரி, இங்கே கிடைக்காது. 60 பேருக்கு ஆளுக்கு அரைக் கரண்டி கணக்கு: உறைந்த புளுபெர்ரி 2 கிலோ, கேமரன் மலை ஸ்ட்ராபெர்ரி ஒன்றரைக் கிலோ, தண்ணீர் 700 மில்லி, சீனி 300 கிராம். அடி கனத்த சட்டியில் பழமும் தண்ணீரும் மிதமான தீயில் 20 நிமிடம், மத்தால் பாதி மசித்துவிட்டுச் சீனி. சோளமாவு 80 கிராமைப் பச்சைத் தண்ணீர் 200 மில்லியில் கரைத்து, கிளறிக்கொண்டே நூலாக ஊற்றவும். மாவை நேராகச் சட்டியில் கொட்டினால் கட்டி தட்டும், கரையாது. கெட்டியானபின் இரண்டு நிமிடம் போதும். மறந்து கொதிக்கவிட்டால் பழப்புளிப்பில் மாவு உடைந்து மறுபடி தண்ணியாகிவிடும், இன்னும் மாவு போட்டுப் பசையாக்கிவிடுவார்கள். ஆறும்போது இன்னும் இறுகும், ஆகவே சூட்டில் சாம்பார் பதத்திலேயே இறக்கணும். ஸ்ட்ராபெர்ரி தண்ணி விடும், அதனால்தான் 700க்கு மேல் ஊற்ற வேண்டாம் என்கிறேன்.

கூடத் தொட்டுக்கொள்ளப் பூரி. இரண்டரைக் கிலோ மாவுக்குச் சிறியதாக 120 வரும். அங்கேயும் எண்ணெயில் பொரித்த ரொட்டி உண்டு, ஆனால் அது ரிசர்வேஷனில் அடைபட்டபின் ரேஷனில் கிடைத்த மாவும் கொழுப்பும் வைத்துச் செய்தது. ‘பாரம்பரிய உணவு’ என்று சீட்டு எழுதி வைக்காதீர்கள். பூரியைப் பூரி என்றே சொல்லலாம்.

---

சிப்புட்_வாசகி

எல்லாருக்கும் நன்றி. எட்டுப் பலகையில் குழந்தைப் பருவம் இரண்டாகக் குறைந்துவிட்டது, தொப்பிக்கு ஒன்று, வட்டங்களுக்கு ஒன்று. தெமியார் விஷயத்தைப் பேச்சில் ஒரு வரி மட்டும் வைக்கிறேன், கேள்வி வந்தால் விரிக்கலாம். மாற்றிய பத்தி:

“1890 டிசம்பர் 29, வூண்டட் நீ படுகொலை. நான்காம் நாள், பனியில் உறைந்து கிடந்த ஒரு தாயின் கீழே ஒரு பெண்குழந்தை உயிரோடு இருந்தாள். லகோட்டாப் பெண்கள் எடுத்து ஜிந்த்கலா நூனி என்று பெயரிட்டார்கள். ஜெனரல் கோல்பி கொண்டுபோய்த் தத்தெடுத்தார், அவர் மனைவி கிளாரா வளர்த்தார். அம்மா யார், பெரியம்மா யார், மாமா யார் என்று தேடியபடியே ஜிந்த்கலா 29 ஆண்டுகள் வாழ்ந்தார். 1920 பிப்ரவரி 14 அன்று கலிஃபோர்னியாவில் இறந்தார். 1991இல் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்.”

---

பால்மரத்தான்

நன்றாக இருக்கிறது அக்கா. இரண்டு இடம் மட்டும். ‘ஒரு தாயின் கீழே’ என்பதை ‘ஒரு பெண்ணின் உடலுக்குக் கீழே’ என்று வையுங்கள், தாய் என்பது ஊகம்தான். கடைசி வரியில் ‘திரும்பினார்’ வேண்டாம். அவராக வந்திருந்தபோது சேர்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை, 71 ஆண்டு கழித்துக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். ‘லகோட்டா மக்கள் அவரைக் கொண்டுவந்து வூண்டட் நீ மேட்டில் அடக்கம் செய்தார்கள்’ என்று எழுதுங்கள்.

பிப்ரவரி 14 சனிக்கிழமை, அடுத்த செவ்வாய் சீனப் புத்தாண்டு. அச்சுக்கடைகள் முன்கூட்டியே பூட்டிவிடுவார்கள், பலகையை 10ஆம் தேதிக்குள் எடுத்துவிடுங்கள்.